எத்தனையா, எவ்வளவா? ஆங்கிலப் பெயர்ச்சொல்லும் பெயரடையும்

"ஐ ஹேவ் பைக்." "ஷி கேவ் மீ மெனி அட்வைசஸ்." "ஹி இஸ் மோர் டாலர் தேன் மீ." தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஆங்கிலம் பேசத் தொடங்கும்போது இந்த மூன்று வகைப் பிழையும் திரும்பத் திரும்ப வரும். சொல் தெரியாமல் வரும் பிழைகள் அல்ல இவை. பைக், அட்வைஸ் எல்லாம் நாம் தமிழ்ப் பேச்சிலேயே தினமும் புழங்கும் சொற்கள். தமிழ் வாக்கியத்தில் அவை எப்படி நிற்குமோ, அப்படியே ஆங்கில வாக்கியத்திலும் நிறுத்திவிடுகிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பெயர்ச்சொல் என்றால் என்ன என்பதைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்று பள்ளியில் படித்த ஆறு வகையே போதும். மேசை, மதுரை, மார்கழி, கை, வெண்மை, நீச்சல் ஆகியவை தமிழில் பெயர்ச்சொல் என்றால், டேபிள், ஹேண்ட், வைட்னஸ், ஸ்விம்மிங் ஆகியவை ஆங்கிலத்திலும் பெயர்ச்சொல்தான். ஆங்கில இலக்கணப் புத்தகங்கள் பெயர்ச்சொல்லை ஐந்து வகையாகப் பிரித்துப் பட்டியல் தரும். தேர்வுக்கு அது உதவும். வாய் திறந்து பேசும்போது உதவாது. பேசும்போது கைகொடுப்பது ஒரே கேள்வி: இந்தப் பொருளை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண முடியுமா, முடியாதா?

ஒரு சிறு குறிப்பு. இங்கே ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறது. 'எ பைக்' என்பதில் வரும் 'எ', இயல்பான பேச்சில் 'அ' என்றுதான் சுருக்கமாக ஒலிக்கும்.

பெயர்ச்சொல் வெறுமனே நிற்காது

"கடையில் முட்டை வாங்கினேன்" என்கிறோம். ஒன்றா, ஒரு டஜனா? தமிழ் அதைச் சொல்லச் சொல்லி வற்புறுத்துவதில்லை. "பத்து முட்டை" என்றாலும் 'கள்' சேர்க்கத் தேவையில்லை. "மாடு வந்தது", "மாடு வந்தன" என்று ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே சொல் நிற்பதை நன்னூல் 'பால்பகா அஃறிணைப் பெயர்' என்றே பெயரிட்டு ஏற்றுக்கொள்கிறது.

ஆங்கிலத்தில் இந்தச் சலுகை இல்லை. வாங்கியது ஒன்று என்றால் "ஐ பாட் ஆன் எக்." பல என்றால் "ஐ பாட் எக்ஸ்." எதையும் சேர்க்காமல் வெறும் 'எக்' என்றால் அதற்கு வேறு பொருள் வந்துவிடும். "யூ ஹேவ் எக் ஆன் யுவர் ஷர்ட்" என்றால் சட்டையில் முட்டை அப்பியிருக்கிறது என்று பொருள். அங்கே முட்டை முழுசாக இல்லை, உடைந்து வழிந்த பண்டமாக இருக்கிறது. சிக்கனும் அப்படித்தான். "ஐ லைக் சிக்கன்" என்றால் கோழிக்கறி பிடிக்கும். "ஐ ஹேவ் எ சிக்கன்" என்றால் உயிரோடு ஒரு கோழியோ, முழுக்கோழி ஒன்றோ இருக்கிறது. ஒட்டு எதுவும் இல்லாமல் நிற்கும் பெயர்ச்சொல்லை ஆங்கிலக் காது 'பண்டம்' என்றே எடுத்துக்கொள்ளும். "ஐ ஹேவ் பைக்" அரைகுறையாக ஒலிப்பதற்குக் காரணம் இதுதான்.

எண்ணக்கூடிய பெயர்ச்சொல் ஒருமையில் வந்தால், அதற்கு முன்னால் ஏதாவது ஒரு துணைச்சொல் இருந்தே ஆக வேண்டும். எ அல்லது ஆன், தி, மை, யுவர், ஹிஸ், திஸ், தட், ஒன், எவ்ரி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று. ஒன்றே ஒன்றுதான், இரண்டைச் சேர்த்து 'தி மை பைக்' என்றோ 'எ மை ஃப்ரெண்ட்' என்றோ சொல்லக் கூடாது. 'என் நண்பர் ஒருவர்' என்று சொல்ல வேண்டுமானால் 'எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்'.

தொழிலைச் சொல்லும்போது இது அதிகம் விட்டுப்போகும். தமிழில் "நான் ஆசிரியர்" என்று நிறுத்திவிடலாம். ஆங்கிலத்தில் "ஐ ஆம் எ டீச்சர்." ஆமும் வேண்டும், எ-யும் வேண்டும்.

விதிவிலக்காகச் சில தொடர்கள் உண்டு: கோ டு ஸ்கூல், கோ டு பெட், அட் ஹோம், பை பஸ், பை ட்ரெயின். "பை பஸ்" என்னும்போது எந்தப் பேருந்து என்பது பேச்சல்ல, பயணம் செய்த முறைதான் பேச்சு. அதனால் எ வராது. ஏறிய பேருந்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் உடனே துணைச்சொல் வந்துவிடும்: "ஐ கேம் இன் எ க்ரீன் பஸ்."

எ-யா, தி-யா?

இது கடினமான பகுதி என்று பலரும் பயப்படுகிறார்கள். ஆனால் இந்த வேறுபாட்டைத் தமிழும் காட்டுகிறது, வேறு இடத்தில் வைத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

"ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜாவுக்கு இரண்டு மகன்கள்." முதலில் ஒரு, அடுத்து அந்த. ஆங்கிலமும் அதே வரிசைதான்: "தேர் வாஸ் எ கிங். தி கிங் ஹேட் டூ சன்ஸ்." கேட்பவருக்குப் புதிது என்றால் எ, எதைச் சொல்கிறோம் என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்றால் தி.

இதைவிடக் கூர்மையான அடையாளம் தமிழில் இரண்டாம் வேற்றுமை உருபான 'ஐ'. "புத்தகம் வாங்கினேன்" என்றால் ஏதோ ஒரு புத்தகம்: "ஐ பாட் எ புக்." "புத்தகத்தை வாங்கினேன்" என்றால் நாம் பேசிக்கொண்டிருந்த அந்தப் புத்தகம்: "ஐ பாட் தி புக்." "கதவைச் சாத்து" என்கிறோம், "கதவு சாத்து" என்பதில்லை, எந்தக் கதவு என்று இருவருக்கும் தெரியும். அதனால் "க்ளோஸ் தி டோர்." அஃறிணைச் செயப்படுபொருளுக்கு இந்தச் சோதனை பெரும்பாலும் சரியாக வரும். மனிதரைச் சொல்லும்போது உதவாது. "ஒரு டாக்டரைப் பார்த்தேன்" என்று முன்பின் தெரியாதவருக்கும் 'ஐ' சேர்த்துத்தான் சொல்கிறோம்.

ஊர்ப்பெயருக்கும் ஆள்பெயருக்கும் பொதுவாக இரண்டுமே வராது: மதுரை, கோயம்புத்தூர், லண்டன். ஆனால் ஆற்றுக்கும் மலைத்தொடருக்கும் தி உண்டு: தி காவேரி, தி ஹிமாலயாஸ்.

எ-யா, ஆனா?

ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஆகிய ஐந்து எழுத்தில் தொடங்கினால் ஆன் என்று மனப்பாடம் செய்தவர்கள் 'ஆன் யூனிவர்சிட்டி' என்று சொல்லிவிடுவார்கள். விதி எழுத்துக்கு உரியது அல்ல, ஒலிக்கு உரியது. அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் ஆன், மெய்யொலியில் தொடங்கினால் எ. யூனிவர்சிட்டி 'யூ' என்று யகர மெய்யொலியோடு தொடங்குகிறது. எ யூனிவர்சிட்டி, எ யூனிஃபார்ம், எ யூரோப்பியன். 'அவர்' என்று ஒலிக்கும் மணிநேரத்தைக் குறிக்கும் சொல்லில் முதல் எழுத்தான ஹெச் ஒலிப்பதில்லை, ஆன் அவர். ஹானஸ்ட் என்று நாம் பேச்சில் ஹகரம் சேர்த்துச் சொன்னாலும் சரியான ஒலி 'ஆனஸ்ட்'. ஆன் ஆனஸ்ட் மேன். எழுத்துச் சுருக்கங்களுக்கும் இதே கணக்கு: ஆன் எம்.எல்.ஏ, ஆன் எஃப்.ஐ.ஆர், ஆன் எஸ்.எம்.எஸ், ஆனால் எ பி.ஏ. டிகிரி.

தமிழ்க் காதுக்கு உள்ள ஒரு தடை இங்கே உண்டு. நாம் 'எழுது' என்பதை யெழுது என்றும், 'ஒன்று' என்பதை வொன்று என்றும் முன்னால் ஒரு மெல்லிய யகரமோ வகரமோ சேர்த்து ஒலிக்கிறோம். அந்தப் பழக்கத்தில் எக் என்பது யெக் ஆகிவிடும், எஞ்சினியர் யெஞ்சினியர் ஆகிவிடும். அப்புறம் 'எ யெஞ்சினியர்' என்பதே சரி என்று காது சொல்லும். 'எக்' என்று சொல்லும்போது நாக்கின் நடுப்பகுதி மேலண்ணத்தை நோக்கி எழுந்தால் யகரம் நுழைகிறது என்று பொருள். நாக்கைக் கீழேயே வைத்து நேராக 'எ'-யில் தொடங்கிப் பழகுங்கள்; ஆன் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். தலைகீழாக, 'ஒன்வே' என்று நாம் எழுதும் சொல்லின் ஆங்கில ஒலி 'வன்வே'. அதனால் எ வன்வே ரோடு.

இந்த ஒட்டுதல் ஆங்கிலேயர்களையே ஏமாற்றியிருக்கிறது. சமையலறையில் கட்டிக்கொள்ளும் ஏப்ரன் ஒரு காலத்தில் 'நேப்ரன்'. 'எ நேப்ரன்' என்பதை 'ஆன் ஏப்ரன்' என்று பிரித்துக் கேட்டுக் கேட்டு, முதலில் இருந்த 'ந' ஒலி சொல்லைவிட்டே போய்விட்டது.

எண்ண முடியாதவை

எண்ணும் கேள்வியை ஆங்கிலம் கேட்கும் விதம் நமக்கு முற்றிலும் அந்நியம் இல்லை. எத்தனை, எவ்வளவு என்று தமிழிலும் இரண்டு சொல் வைத்திருக்கிறோம். "எத்தனை வாழைப்பழம்?" என்போம். "எத்தனை அரிசி?" என்று யாரும் கேட்பதில்லை, "எவ்வளவு அரிசி?" தான். எத்தனை என்பது ஹவ் மெனி, எவ்வளவு என்பது ஹவ் மச். அரிசி, தண்ணீர், பால், எண்ணெய், சர்க்கரை, உப்பு, மணல், காற்று எல்லாம் இரு மொழியிலும் எண்ண முடியாதவை. எண்ண வேண்டுமானால் அளவையோ பாத்திரத்தையோ எண்ணுவோம்: இரண்டு கிலோ அரிசி, 'டூ கிலோஸ் ஆஃப் ரைஸ்', மூன்று டம்ளர் பால், 'த்ரீ கிளாசஸ் ஆஃப் மில்க்'. தமிழில் பன்மை காட்டாத கிலோவும் டம்ளரும் ஆங்கிலத்தில் பன்மையாவதைக் கவனியுங்கள்.

தகராறு வருவது, நாம் எண்ணும் சிலவற்றை ஆங்கிலம் எண்ண மறுக்கும்போது. "எத்தனை லக்கேஜ்?" என்று பேருந்து நிலையத்தில் கேட்பது தமிழில் சகஜம். ஆங்கிலத்தில் லக்கேஜ் எண்ணப்படாது. லக்கேஜஸ் என்ற சொல்லே கிடையாது. காரணம் இதுதான்: பை, பெட்டி, சூட்கேஸ் எல்லாம் சேர்ந்த மொத்தத்துக்கு லக்கேஜ் என்று பெயர். மொத்தத்தை எண்ண முடியாது, உள்ளே இருப்பதை எண்ணலாம். அதனால் இந்தச் சொற்களைத் தனியாகப் படிக்காமல் ஜோடியாகப் படிப்பது நல்லது. லக்கேஜ் எண்ண முடியாது, பேக் எண்ணலாம். ஃபர்னிச்சர் முடியாது, சேர், டேபிள், காட் எண்ணலாம். ஜுவல்லரி முடியாது, ரிங், நெக்லஸ் எண்ணலாம். ட்ராஃபிக் முடியாது, வெஹிக்கிள் எண்ணலாம். எக்விப்மென்ட் முடியாது, மெஷின் எண்ணலாம். மணி முடியாது, ருப்பி எண்ணலாம். பணத்தை எண்ணுகிறோமே என்று தோன்றும், உண்மையில் நாம் எண்ணுவது ரூபாயை. ஹோம்வொர்க் முடியாது, எக்சர்சைஸ் எண்ணலாம். வொர்க் முடியாது, ஜாப் எண்ணலாம். வேலை தேடுகிறவர் "ஐ நீட் எ ஜாப்" என்பார், கை ஓயாதவர் "ஐ ஹேவ் எ லாட் ஆஃப் வொர்க்" என்பார்.

ஜோடி இல்லாதவற்றுக்கு 'எ பீஸ் ஆஃப்' உதவும். அட்வைஸ், இன்ஃபர்மேஷன், நியூஸ் மூன்றுக்கும் அதுதான் வழி: "எ பீஸ் ஆஃப் அட்வைஸ்", "டூ பீசஸ் ஆஃப் இன்ஃபர்மேஷன்". எண்ணவே தேவையில்லை என்றால் 'சம்' போதும்: "ஷி கேவ் மீ சம் அட்வைஸ்." அலுவலக மின்னஞ்சல்களில் ஃபர்னிச்சர்ஸ், எக்விப்மென்ட்ஸ், இன்ஃபர்மேஷன்ஸ் ஆகியவை நம் நாடு முழுக்கப் பரவியிருக்கின்றன. எல்லோரும் எழுதுகிறார்களே என்று விட்டுவிடாதீர்கள். இன்டர்வியூவிலோ ஆங்கிலத் தேர்விலோ இவை பிழையாகவே எண்ணப்படும்.

ஒரே சொல் இரு பக்கமும் நிற்பதும் உண்டு. "ஹெர் ஹேர் இஸ் லாங்": கூந்தல் மொத்தமும் ஒன்று, ஹேர்ஸ் அல்ல. "தேர் இஸ் எ ஹேர் இன் தி சாம்பார்": இது ஒற்றை முடி, எண்ணிவிடலாம். பேப்பர் என்றால் காகிதம், எ பேப்பர் என்றால் செய்தித்தாளோ வினாத்தாளோ. கிளாஸ் என்றால் கண்ணாடி என்ற பொருள், எ கிளாஸ் என்றால் டம்ளர். டீயை எண்ணக் கூடாது என்றாலும் கடையில் "டூ டீஸ், ப்ளீஸ்" என்பது சரியே. அங்கே எண்ணப்படுவது டம்ளர் என்று இருவருக்கும் தெரியும்.

தமிழிலிருந்து ஆங்கிலம் போன சொற்களையும் ஆங்கிலம் இந்தக் கேள்வி கேட்காமல் விடவில்லை. கட்டுமரம் அங்கே கேட்டமரான் ஆனது, எண்ணப்படும்: டூ கேட்டமரான்ஸ். சுருட்டு செரூட் ஆனது, அதுவும் எண்ணப்படும். மிளகுத்தண்ணீர் மல்லிகடானி சூப்பாகப் போனது. தண்ணீர்தானே, கிண்ணத்தைத்தான் எண்ண வேண்டும்.

பன்மை

பெரும்பாலான சொற்களுக்கு ஸ் சேர்த்தால் போதும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒலிக்கும்போது அது மூன்று விதமாகும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தொண்டையில் விரலை வைத்துப் பாருங்கள். கப்ஸ், புக்ஸ், கேட்ஸ் என்னும்போது கடைசி ஒலியில் தொண்டை அதிராது. பென், கார், டேபிள் ஆகியவற்றின் பன்மையில் கடைசி ஒலி தேனீயின் ரீங்காரம் போல அதிர வேண்டும். பஸ், பாக்ஸ், டிஷ், மேட்ச் போல ஏற்கெனவே சீறும் ஒலியில் முடிகிறவற்றுக்கு ஓர் அசை கூடும்: பஸ்ஸஸ், பாக்ஸஸ், டிஷஸ், மேட்சஸ். தமிழில் அந்த அதிரும் ஒலிக்கு எழுத்தில்லை என்பதால் எல்லாவற்றையும் ஸ் என்றே முடிக்கிறோம். புரியாமல் போகாது, ஆனால் மாற்றிக்கொள்ள விரலே ஆசிரியர்.

மேன், மென், உமன், விமென், ஃபுட், ஃபீட், டூத், டீத், சைல்ட், சில்ட்ரன், பெர்சன், பீப்பிள். சில்ட்ரன் ஏற்கெனவே பன்மை. 'மை சில்ட்ரன்ஸ்' என்றால் பிள்ளைகளுக்கு இருமுறை பன்மை போட்டதாகும். ஷீப், டியர் இரண்டும் பன்மையிலும் மாறாது. நியூஸ், மேத்தமேட்டிக்ஸ் ஆகியவற்றின் இறுதியில் உள்ளது பன்மை ஸ் அல்ல: "தி நியூஸ் இஸ் குட்." போலீஸ் என்பது பார்வைக்கு ஒருமை, நடத்தையில் பன்மை: "தி போலீஸ் ஆர் கம்மிங்."

'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்ற பிழை தனியாகச் சொல்ல வேண்டியது, ஏனென்றால் இங்கே தமிழே சரியான வழியைக் காட்டுகிறது. "என் நண்பர்களில் ஒருவர்" என்கிறோம். "நண்பரில் ஒருவர்" என்பதில்லை. அந்தக் 'களில்' வரும் இடத்தில் ஆங்கிலத்துக்கு ஸ் வேண்டும்: ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ். ஆனால் வினை ஒருவருக்கே உரியது: "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ் எ நர்ஸ்."

மாறாத பெயரடை

பெயர், வினை, இடை, உரி என்ற நால்வகைச் சொல்லைப் படித்த பழக்கத்தில் ஆங்கிலத்தின் அட்ஜெக்டிவை உரிச்சொல் என்று பலர் எழுதுகிறார்கள். சால, உறு, தவ, நனி போன்ற உரிச்சொற்கள் பெயரோடும் சேரும், வினையோடும் சேரும். அட்ஜெக்டிவ் பெயரை மட்டுமே தழுவுவது. பெயரடை என்பதே அதற்குச் சரியான சொல்.

பெயர்ச்சொல் எத்தனை வேஷம் போட்டாலும் பெயரடை அசைந்துகொடுக்காது. தமிழில் 'நல்ல பையன்' என்போம், வாக்கியத்தின் இறுதிக்குப் போனால் நல்லவன், நல்லவள், நல்லவர்கள், நல்லது என்று மாற்றுவோம். ஆங்கிலத்தில் எல்லாமே 'குட்'. ஹி இஸ் குட், ஷி இஸ் குட், தே ஆர் குட், இட் இஸ் குட். படிக்கிறவருக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் தமிழில் 'இந்த வீடு பெரியது' என்பதில் வினையே இல்லை. அதே நினைப்பில் 'திஸ் ஹவுஸ் பிக்' என்று சொல்லிவிடக் கூடாது. பெரியது என்பதில் உள்ள 'அது' செய்யும் வேலையை ஆங்கிலத்தில் இஸ் செய்கிறது: "திஸ் ஹவுஸ் இஸ் பிக்."

பெயரடைக்குப் பன்மை கிடையாது என்ற விதி எதிர்பாராத இடங்களிலும் வேலை செய்யும். பத்து ரூபாய் என்றால் டென் ருப்பீஸ். பத்து ரூபாய் நோட்டு என்றால் எ டென்-ருப்பி நோட். ரூபாய் அங்கே நோட்டுக்கு அடையாகிவிட்டது, எனவே ஸ் உதிர்ந்துவிடும். டூ அவர்ஸ், ஆனால் எ டூ-அவர் எக்ஸாம். சிக்ஸ் யார்ட்ஸ், ஆனால் எ சிக்ஸ்-யார்ட் ஸாரி. ஹி இஸ் ஃபைவ் இயர்ஸ் ஓல்ட், ஆனால் எ ஃபைவ்-இயர்-ஓல்ட் பாய். டூத்பிரஷ் ஏன் டீத்பிரஷ் இல்லை, ஷூ ஷாப் ஏன் ஷூஸ் ஷாப் இல்லை என்பதற்கும் இதே காரணம். எத்தனை பல் துலக்கினாலும் அடை ஒருமையில்தான் நிற்கும். கூட்ஸ் ட்ரெயின், ஸ்போர்ட்ஸ் ஷூ போன்ற சில மட்டும் ஸ்-ஐ விடாமல் வைத்திருக்கின்றன.

பல அடைகள் அடுக்கி வந்தால் வரிசை உண்டு: நம் கருத்து, அளவு, வயது, நிறம், ஊர், எதனால் ஆனது. 'எ பியூட்டிஃபுல் ஓல்ட் ரெட் காஞ்சிபுரம் சில்க் ஸாரி.' தமிழிலும் 'அழகான பழைய சிவப்புக் காஞ்சிபுரம் பட்டுப் புடவை' என்றுதான் இயல்பாக வருகிறது. பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்து அதே வரிசையில் வைத்தால் பெரும்பாலும் சரியாக அமையும்.

போர்டு, போரிங் குழப்பம் தீர ஒரு வழி. "எனக்கு போர் அடிக்குது", "எனக்குக் குழப்பமா இருக்கு", "எனக்கு ஆர்வம்" என்று 'எனக்கு' வரும் இடமெல்லாம் 'டு' ஒலியில் முடியும் வடிவம்: ஐ ஆம் போர்டு, ஐ ஆம் கன்ஃப்யூஸ்டு, ஐ ஆம் இன்ட்ரஸ்டட். அந்த உணர்வை உண்டாக்கும் பொருளுக்கு 'இங்': தி மூவி இஸ் போரிங், தி மேப் இஸ் கன்ஃப்யூசிங். "ஐ ஆம் போரிங்" என்றால் நான் சரியான அறுவை என்று நாமே சொல்லிக்கொள்வதாகும்.

ஒப்பிடும்போது தமிழ் 'விட' என்ற ஒரு சொல்லில் முடித்துவிடும், அடை மாறாது: 'அண்ணனை விட உயரம்'. ஆங்கிலத்தில் இரண்டு இடத்தில் குறி வேண்டும். தேன் என்பது 'விட'; அடையும் மாற வேண்டும்: டாலர் தேன் மை பிரதர். ஓரசைச் சொல்லுக்கு 'அர்', 'எஸ்ட்': டால், டாலர், டாலஸ்ட். ஈசி, ஹெவி, ஹேப்பி போல இகர ஒலியில் முடியும் ஈரசைச் சொற்களும் அப்படியே: ஈசியர், ஈசியஸ்ட். பியூட்டிஃபுல், டிஃபிகல்ட், எக்ஸ்பென்சிவ் போன்ற நீளமான சொற்களுக்கு முன்னால் மோர், மோஸ்ட். இரண்டில் ஒன்றுதான், 'மோர் டாலர்', 'மோர் பெட்டர்' இரண்டும் ஒரே வேலையை இருமுறை செய்கின்றன. குட், பெட்டர், பெஸ்ட். பேட், வர்ஸ், வர்ஸ்ட் ஆகியவற்றை அப்படியே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சீனியர், ஜூனியர் இரண்டுக்கும் தேன் வராது: சீனியர் டு மீ.

'ஆன'வும் 'ஆக'வும்

வேகமான கார், வேகமாக ஓடுகிறது. ஆன என்றால் பெயரடை, ஆக என்றால் வினையடை. ஆங்கிலத்தில் இந்த 'ஆக'வுக்கு ஈடு 'லி': ஸ்லோ கார், ட்ரைவ் ஸ்லோலி. கேர்ஃபுல் டிரைவர், ட்ரைவ் கேர்ஃபுல்லி. குட் என்பதற்கு மட்டும் வெல்: குட் சிங்கர், சிங்ஸ் வெல். ஃபாஸ்ட், ஹார்ட் இரண்டும் மாறாதவை. ஹார்ட்லி என்றால் 'கடினமாக' அல்ல, 'அரிதாக' என்று பொருள் தலைகீழாகிவிடும். "ஹி வொர்க்ஸ் ஹார்ட்லி" என்று ஒருவரைப் பாராட்டக் கூடாது.

தமிழே நம்மைத் தடுக்கிவிடும் இடமும் இதுதான். "அவள் அழகாக இருக்கிறாள்", "சாப்பாடு ருசியாக இருக்கிறது", "நான் சோர்வாக இருக்கிறேன்." மூன்றிலும் 'ஆக' இருக்கிறது, ஆனால் ஆங்கிலத்தில் லி வராது: ஷி இஸ் பியூட்டிஃபுல், தி ஃபுட் இஸ் டேஸ்டி, ஐ ஆம் டயர்டு. இங்கே 'ஆக' ஒரு செயலை விளக்கவில்லை, எழுவாய் எப்படிப்பட்டது என்று சொல்கிறது. எனவே 'ஆக இரு' என்று வந்தால் ஆங்கிலத்துக்குப் பெயரடை. ஆக-வுக்குப் பின் ஓடு, பாடு, எழுது போன்ற செயல் வந்தால் வினையடை. லுக், ஸ்மெல், டேஸ்ட், ஃபீல் ஆகியவையும் 'இரு' வகையைச் சேர்ந்தவை: "தி காஃபி ஸ்மெல்ஸ் குட்."

ஒரு பத்தியைத் திருத்திப் பார்ப்போம்

"வீ பாட் ஹவுஸ். ஹவுஸ் வெரி பிக். இட் ஹேஸ் த்ரீ பெட்ரூம் அண்ட் மெனி ஃபர்னிச்சர்ஸ். இட் இஸ் மோர் பிக்கர் தேன் அவர் ஓல்ட் ஹவுஸ். ஒன் ஆஃப் அவர் நெய்பர் இஸ் ஆன் யூனிவர்சிட்டி ப்ரொஃபசர். ஹிஸ் டென்-இயர்ஸ்-ஓல்ட் சன் ப்ளேஸ் கிரிக்கெட் குட்."

மேலே போகாமல் முதலில் நீங்களே ஒரு தாளில் திருத்திப் பாருங்கள். பத்துப் பிழை இருக்கின்றன. பிறகு கீழே உள்ளதோடு ஒத்துப் பாருங்கள்.

வீடு ஒன்று, கேட்பவருக்குப் புதிது: எ ஹவுஸ். அடுத்த வாக்கியத்தில் அது தெரிந்த வீடாகிவிட்டது: தி ஹவுஸ். வெரி பிக் என்பதற்கு முன்னால் இஸ். மூன்று என்ற எண் இருந்தாலும் பன்மை காட்டியே ஆக வேண்டும்: த்ரீ பெட்ரூம்ஸ். ஃபர்னிச்சர் எவ்வளவு என்ற கேள்விக்கு உரியது, எனவே மெனியும் ஸ்-உம் போய் 'எ லாட் ஆஃப் ஃபர்னிச்சர்'. மோரை எடுத்துவிட்டு வெறும் பிக்கர். 'அண்டை வீட்டாரில் ஒருவர்' என்பதால் நெய்பர்ஸ். யகர ஒலிக்கு முன் எ யூனிவர்சிட்டி ப்ரொஃபசர். பத்து வயது என்பது மகனுக்கு அடையாக வந்திருக்கிறது: டென்-இயர்-ஓல்ட் சன். இது ஒன்பது. பத்தாவது கடைசிச் சொல்லில் இருக்கிறது. பையன் நல்லவன் என்று சொல்ல வரவில்லை, நன்றாக ஆடுகிறான் என்று சொல்ல வந்தோம்: ப்ளேஸ் கிரிக்கெட் வெல்.